மடுப்பூதத்தின் முறை

என் முறை. அதாவது மடுப்பூதத்தின் முறை. பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் இது, நடத்துகிறவள் நான், அதனால் இந்த மேஜையில் பூதம், ஆறு, மழை, சத்திரத்துக்காரன் எல்லாமே நான்தான். எதிரே இருக்கும் மூன்று பேரும் ஆளுக்கொரு வேடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், மிச்ச உலகம் என் தலையில். ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றே கால், மின்விசிறி சுற்றுகிறது என்று பேர், வியர்வை நிற்கவில்லை. ஜெனோவா தான் கொண்டுவந்த மிக்சரில் தானே முந்திரியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கிறாள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், முந்திரி விஷயத்தில் வெட்கம் கிடையாது. சிராஜ் தன் தாளில் எதையோ அழித்து எழுதுகிறான். இருவருக்கும் நடுவில் மாறன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு என் தம்பி என் வீட்டில், தன் பழைய நாற்காலியில், என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான். வந்ததும் "நல்லாருக்கியா?" என்று கேட்டேன், "ம்" என்றான், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கூப்பிட்டது நான் இல்லை, சிராஜ். மாறன் ஐந்தரை பஸ்ஸுக்குக் கரூர் திரும்புகிறான், பெரியம்மா வீட்டுக்கு. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவன் சொல்ல வேண்டாம், அத்தனை பேராசை எனக்கு இல்லை. அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்து வீட்டைக் கூட்டி, அவன் நாற்காலியின் ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்து, இந்த ஆற்றையும் நீலப் பென்சிலால் கட்டத்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். வரைந்தபோது பூதம் யாரைப் பிடிக்கும் என்று யோசித்தேனா? யோசிக்கவில்லை. மற்ற இருவரும் கரையேறிவிட்டார்கள். பூதத்துக்கு வைத்த சோடா மூடிக்கு அடுத்த கட்டத்தில் மாறனின் வேடமான கொற்றன் நிற்கிறான், ஒரு சிவப்புச் சட்டைப்பொத்தான். பூதத்துக்கு மூளை இல்லை, பக்கத்தில் இருப்பவனைப் பிடிக்கும், பிடித்து மடுவுக்குள் இழுக்கும், அதற்கு வேறு வேலையே தெரியாது. அப்படித்தான் என் நோட்டில் எழுதியிருக்கிறது, என் கையெழுத்தில். மூன்று பேருக்கும் இது தெரியும். இருபது முகப் பகடை என் உள்ளங்கையில் ஈரமாகிக்கொண்டிருக்கிறது.

வெட்டினால் பிரச்சினையே இல்லை. இந்த மாதிரி ஆட்டங்களில் வெட்டு என்பது ஒரு எண். பகடையை உருட்டு, கவசத்தைவிடக் கூடுதலா, பட்டது. எத்தனை ரத்தம், ஏழு, கழித்துக்கொள், அடுத்த ஆள். மனிதன் பாதி செத்த பிறகும் ஜோக் அடிக்கலாம். பிடிப்பதுதான் வம்பு. யாராவது "நான் அவனைப் பிடிக்கிறேன்" என்று சொன்னால் போதும், மேஜையே நின்றுவிடும், ஆளாளுக்கு விதிப் புத்தகத்தைத் திறப்பார்கள். கிடுக்கிப்பிடி வந்தால் நான் போய் பால் வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்பான் சிராஜ், ஒரு தடவை நிஜமாகவே போய் வாங்கிவிட்டு வந்தான், திரும்பும்போதும் நாங்கள் நாலாவது பக்கத்தில்தான் இருந்தோம். கத்தி விழும், எழும். பிடி என்பது விழுந்து அப்படியே இருக்கும். அது எவ்வளவு நேரம் இருக்கும், அதற்குள் யார் என்ன செய்யலாம், பிடித்தவன் தும்மலாமா, பிடிபட்டவன் சாப்பிடலாமா என்றெல்லாம் கேள்வி வரும். இந்தச் சண்டை தாங்காமல் மாறன் ஒரு லீவில் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் ஒரே பக்கமாகச் சுருக்கினான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு. கோடு போட்ட தாளில் முத்து முத்தாக எழுதிப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டினான், இப்போதும் அங்கேதான் இருக்கிறது, பசை மஞ்சளாகிவிட்டது. பிடிக்க ஒரு கை காலியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் உருட்ட வேண்டும், பிடிப்பவன் பலத்தால், பிடிபடுபவன் பலத்தாலோ லாவகத்தாலோ, எது அவனுக்கு வசதியோ அது. பிடிபட்டவன் நகர முடியாது, ஆனால் பேசலாம், அடிக்கலாம், கடிக்கலாம். பிடித்தவன் அவனை இழுத்துக்கொண்டு பாதி வேகத்தில்தான் போக முடியும். ஒவ்வொரு சுற்றும் பிடிபட்டவன் உதறிப் பார்க்கலாம். கடைசி வரி, விடுவதற்குப் பகடை வேண்டாம், பிடித்தவன் நினைத்த நேரத்தில் விடலாம். என் கண் அந்த வரியில் போய் நிற்கிறது. அன்றைக்குப் பிறகு இந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை, இருந்தும் வரி வரியாக மனப்பாடம்.

"மங்கைக்கா, பூதம் தூங்கிருச்சா?" ஜெனோவா கேட்கிறாள். யோசிக்குது என்கிறேன். "மூளையில்லாத பூதம்னீங்க?" என்று சிரிக்கிறாள். மாறன் சிரிக்கவில்லை. அவன் கை மேஜையின்மேல் இருக்கிறது, விரல்கள் லேசாக நடுங்குகின்றன, அது மாத்திரையின் நடுக்கம், பெரியம்மா போனில் சொல்லியிருந்தார், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும் என்று. முகமும் உப்பியிருக்கிறது. நல்ல மூக்கு அவனுக்கு, அம்மாவின் மூக்கு, கன்னங்களுக்கு நடுவில் அது இப்போது சின்னதாகிவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டு வந்திருக்கிறான், இந்த வெயிலில். இடது முழங்கைக்குக் கீழே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு நகக்கீறல். இவ்வளவு நாளில் ஆறியிருக்காதா, ஆறியிருக்கும், நகக்கீறல் ஒரு வாரத்தில் ஆறும், ஆனாலும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய நகங்கள். அன்று மாலையே ஒட்ட வெட்டினேன், இன்றுவரை வளரவிடவில்லை, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "மிஸ் ஏன் நகம் கடிக்கிறீங்க?" என்று கேட்டது.

பதினொரு நாள் தூங்கவில்லை அவன். முதல் மூன்று நாள் நான் கவனிக்கவே இல்லை, சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்தேன், வேலை போன பிறகு இப்போதுதான் முகம் தெளிந்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அறிவு அவ்வளவுதான். ஐந்தாம் நாள் வீட்டுச் சுவர் முழுக்க வரைபடம் வரைந்தான், பிரமாதமான வரைபடம், பூகோள டீச்சர் நான் பார்த்து அசந்துபோனேன், அதில் ஆறுகள் மேல்நோக்கி ஓடின. எட்டாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பத்தாம் நாள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நின்றுகொண்டு, கொற்றனுக்குச் சமநிலை இருபதில் பத்தொன்பது அக்கா, விழவே மாட்டான் என்றான். கொற்றன் கழைக்கூத்தாடி. கயிற்றில் நடப்பான். அவனுக்கு நாங்கள்தான் எண் எழுதினோம், மாறனுக்கு யார் எழுதினார்கள்? நான் கீழே நின்றபடி, சரிடா, இறங்கு, அடுத்தது ஜெனோவா முறை, அவ முடிக்கட்டும் என்றேன். இறங்கினான். ஆட்டத்தின் முறையை அவன் எந்த நிலையிலும் மீறமாட்டான். அதைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் டாக்டர் உடனே கூட்டிவரச் சொன்னபோது அவனை எப்படிக் கிளப்புவது என்று யோசித்து, ஜெனோவா வீட்டில் ஆட்டம், பகடைப் பையை எடுத்துக்கோ என்றேன். வேறு வழி இல்லை. குளித்தான், இஸ்திரி போட்ட சட்டை போட்டான், கொற்றனின் எண்கள் எழுதிய கேரக்டர் தாளை மடியாமல் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டான். சிராஜ் கார் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரி நடையில் பலகையைப் படித்ததும் திரும்பினான், நான் இடது கையைப் பிடித்தேன், சிராஜ் வலது கையை, ஊழியர் ஒருவர் இடுப்பை. பகடைப் பை விழுந்து தரையெல்லாம் உருண்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் நான் சுற்று எண்ணினேன். எங்கள் ஆட்டத்தில் ஒரு சுற்று ஆறு விநாடி. ஊசி போட்டுக் கண் செருக நாலு நிமிடம். நாற்பது சுற்று. நாற்பது தடவை உதறினான், நாற்பது தடவையும் நான் ஜெயித்தேன். என்னைவிட அவனுக்குப் பலம் அதிகம். எப்படி ஜெயித்தேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து வாரமும் என்னைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. ஆனால் சிராஜோடு பேசுகிறான். இதுதான் எனக்குப் புரியாதது, முள் மாதிரி இங்கேயே நிற்கிறது. சிராஜும்தானே பிடித்தான். அவன் கண்ணாடிக் கடைக்காரன், கை மெலிசு என்றாலும் நன்றாகத்தான் பிடித்தான், மாறனின் வலது மணிக்கட்டில் இரண்டு நாள் நீலம் இருந்தது. சிராஜோடு வாரம் ஒரு தடவை போன். சிராஜ் அண்ணே, சிராஜ் அண்ணே என்று. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, இதில் என்ன மறைக்க. நான் அவனை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தேன், அப்பா அம்மா போன பிறகு அவன் காய்ச்சல், அவன் மார்க், அவன் காதல் தோல்வி எல்லாம் என் கணக்கில்தான் ஏறியது, சிராஜ் எங்கிருந்து வந்தான். அதனால் நகம்தான் என்று முடிவு கட்டினேன். நான்தான் அதிகமாகப் பிடித்தேன். தேவைக்கு மேல் பிடித்தேன். சிராஜ் கடமைக்குப் பிடித்தான், நான் பயத்தில் பிடித்தேன், பயத்தின் பிடி வலிக்கும். இதை நான் எத்தனை ராத்திரி, வேண்டாம், எத்தனை வகுப்பில், எத்தனை பஸ்ஸில் நினைத்துப் பார்த்திருக்கிறேன், ஆற்றுப் படுகை வண்டல் படுகை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே. இப்போது மறுபடியும் அவனைப் பிடிக்கச் சொல்கிறது என் நோட்டு.

"உருட்டு மங்கை. டீ ஆறுது." சிராஜ்.

உருட்டினேன். எனக்கு முன்னால் நிற்கும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால், ஆட்டம் நடத்துபவருக்கு மட்டும் தெரியும்படி. பழைய காலண்டர் அட்டை, வெளிப்பக்கம் அவர்களுக்கு, உள்பக்கம் எனக்கு. தடுப்புக்குப் பின்னால் விழும் எண்ணை யாரும் கேட்கக் கூடாது, நடத்துபவர் சொன்னால் சொன்னதுதான், அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. மாறனும் உருட்டினான், நடுங்கும் கையிலிருந்து அது உருண்டு மிக்சர் கிண்ணத்தில் முட்டி நின்றது. ஒன்பது, லாவகத்துக்கு ஆறு, பதினைந்து. என் பகடை பதினெட்டு காட்டியது. பூதத்தின் பலத்துக்கு இன்னும் ஐந்து. இருபத்து மூன்று. பிடிபட்டான், சந்தேகமே இல்லை. அந்தப் பதினெட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழில்லை, எட்டில்லை, பதினெட்டு, எவ்வளவு தெளிவாக அச்சடித்திருக்கிறான். என் மூக்குத்தி அரித்தது. "ஏழு," என்றேன். "அஞ்சு சேர்த்துப் பன்னெண்டு. பூதத்தோட கை வழுக்கிருச்சு. கொற்றன் துள்ளித் தள்ளிப் போயிட்டான்." ஜெனோவா கைதட்டினாள். நான் பகடையை எடுத்துவிட்டேன், உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன், நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு தடவையாவது உன்னை நான் பிடிக்கவில்லை பார் மாறா. பார்த்தாயா. இதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சோடா மூடியை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினேன்.

"எவ்ளோ?" என்றான் மாறன்.

மத்தியானம் முழுக்க என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி. ஏழு என்றேன். "காட்டு" என்றான். ஜெனோவாவின் கை மிக்சருக்கு மேலே நின்றது. ஆறு வருடத்தில் இந்த மேஜையில் யாரும் என்னிடம் காட்டு என்று கேட்டதில்லை. எடுத்திட்டேன்டா என்றேன். அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான், நேராக. இந்தப் பார்வைக்காகத்தான் காலையிலிருந்து வீடு கூட்டினேன், வந்தபோது எனக்கு ஓடிப்போகத் தோன்றியது.

"ஏழு விழுந்தா நீ உடனே சொல்லிருவ. இப்ப மூக்குத்தியத் தொட்டுட்டுச் சொன்ன."

"டேய், பூதம் உன்னைத் தப்பவிட்டுருச்சு, அதுக்கு ஏன்டா சண்டை போடுற?" என்று சிராஜ் சமாதானமாக ஆரம்பித்தான். மாறன் அவன் பக்கம் திரும்பவில்லை. குரலும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"அன்னிக்கும் தொட்ட. ஜெனோவா வீட்ல ஆட்டம்னு சொன்னப்ப. நான் பார்த்தேன். எனக்குத் தெரியும் நீ பொய் சொல்றப்ப தொடுவன்னு. இருந்தாலும் நம்பினேன். கார்ல ஏறுறப்ப சிராஜ் அண்ணே சொன்னாரு, மாறா, ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்னு. நீ அப்ப வீட்டப் பூட்டிட்டு இருந்த. நான் அவரைப் பார்த்துச் சிரிச்சேன். எங்க அக்கா ஆட்டம்னு சொல்லிருக்கு, நீங்க என்ன ஆஸ்பத்திரிங்கிறீங்கன்னு. வழி பூரா பேசிட்டே வந்தேனே, கொற்றன் அன்னிக்கு என்ன பண்ணப் போறான்னு. நீ ம் ம்னு கேட்டுட்டே வந்த."

சிராஜைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரியாது. சிராஜ் சொல்லிவிட்டுப் பிடித்திருக்கிறான். "புடிச்சது பரவால்லக்கா," என்றான் மாறன், "புடிக்காட்டி நான் அந்த வாரமே செத்திருப்பேன். அது எனக்குத் தெரியும்." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். ஜெனோவா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள், எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பதினான்கு மாதமாக நான் நகத்தை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பது சுற்றையும் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன், அந்தக் கார்ப் பயணத்தை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இருபது நிமிடம். இஸ்திரிச் சட்டையில் மடிமேல் பகடைப் பையோடு, அக்கா, இன்னிக்குக் கொற்றன் அந்த ஆத்தைத் தாண்டிருவான் பாரு என்று பேசிக்கொண்டே வந்தான், வெளியே தென்னூர்ப் பாலம் போயிற்று, நான் ம் என்றேன். அவன் சந்தோஷமாக இருந்தான். அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொடுத்தேன், கொடுத்துக் கதவுவரை கூட்டிப்போனேன். இப்போது அழுதால் அதுவும் ஒரு தந்திரம் மாதிரி ஆகிவிடும் என்று அழவில்லை.

அட்டைத் தடுப்பை மடித்துத் தரையில் வைத்தேன். தடுப்பு இல்லாமல் என் பக்கம் அம்மணமாக இருந்தது, என் நோட்டு, பூதத்தின் எண்கள், அடுத்து வர வேண்டிய கதை எல்லாம் அவர்கள் பார்க்கும்படி. "பதினெட்டு விழுந்துச்சு," என்றேன். "அஞ்சு சேர்த்து இருபத்து மூணு. நான் பொய் சொன்னேன். ஆட்டம்னு சொன்னதும் பொய்." என் குரல் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலாக வந்தது, வேறு குரல் கைவசம் இல்லை. "பூதம் கொற்றனைப் பிடிச்சிருச்சு." சோடா மூடியைப் பொத்தானுக்குப் பக்கத்தில் நகர்த்தி, இரண்டையும் சேர்த்து மடுவின் ஆழமான கட்டத்துக்கு இழுத்தேன், பாதி வேகத்தில், மூன்று கட்டம். மாறன் பென்சிலை எடுத்துத் தன் தாளில் 'பிடிபட்டான்' என்று எழுதினான். எழுத்து நடுங்கியிருந்தது, முத்து இல்லை. "தண்ணிக்குள்ள மூணு சுத்துதான் மூச்சு," என்றேன். "தெரியும்," என்றான், "நான்தான எழுதினேன்."

ஜெனோவாவைக் கூப்பிட்டேன், அவள் முறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளுடைய வீராங்கனை மலையையே புரட்டுகிறவள், ஆற்றில் குதித்துக் கொற்றனின் காலைப் பிடித்து இழுத்தாள். நாலு விழுந்தது. இது ஒரு பகடையா என்று திட்டினாள். சிராஜின் மருத்துவக் கிழவி கயிறு வீசினாள், கயிறு எட்டவில்லை. மாறன் உதறினான், ஒன்பது, போதவில்லை. இப்போது எல்லாப் பகடையும் மேஜை நடுவில், எல்லார் கண் முன்னாலும் விழுந்தது. இரண்டாம் சுற்று. பூதத்துக்குப் பதினொன்று, மாறனுக்கு மூன்று. விடுவதற்குப் பகடை வேண்டாம். நான் நினைத்தால் இந்த நொடி விடலாம், பூதத்துக்கு ஏதோ சத்தம் கேட்டது, திரும்பியது என்று ஒரு வாக்கியம் போதும், விதியே அனுமதிக்கிறது, அது பொய்கூட ஆகாது. வாயைத் திறந்தேன். மாறன் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான், வேண்டாம் என்று. மூளையில்லாத பூதம் ஏன் விடும்? மூன்றாம் சுற்றில் அவன் பகடையை இரண்டு கையாலும் பொத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து உருட்டினான். பன்னிரண்டு, ஆறு சேர்த்துப் பதினெட்டு. எனக்கு விழுந்தது பதினான்கு. பத்தொன்பது. ஒன்றில் போனான். ஒரே ஒன்று. இருபது முகத்தில் ஒரு முகம் தள்ளி விழுந்திருந்தால்.

மேலே மாடியில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். சொல்ல வேண்டியது நான், இந்த ஆட்டத்தில் மரணத்தை நடத்துபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லும்வரை ஆள் சாகமாட்டான். அந்த மோட்டார் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆறு வருடத்துக் கொற்றன். அரண்மனைக் கூரையிலிருந்து மாம்பழம் திருடியவன், பேசும் கழுதையிடம் தோற்றவன், இந்தப் பையன் வேலை போய் அறைக்குள் கிடந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது எழுந்து பல் தேய்க்க வைத்தவன். "கொற்றன் செத்துட்டான்," என்றேன். மாறன் தாளில் பேரின் மேல் ஒரு கோடு போட்டான். பிறகு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறானோ என்று குனிந்து பார்த்தேன், அழவில்லை, களைத்திருந்தான். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, யாருடைய ஆள் செத்தாலும் நடத்துபவர் உடனே ஒரு புதிய வெற்றுத் தாளை நீட்டுவார், வாங்கிக்கொண்டால் அடுத்த வாரம் வருகிறேன் என்று அர்த்தம், கேள்வி பதில் கிடையாது. நீட்டினேன். என் கை மேஜைக்கு மேலே நின்றது. அவன் வாங்கவில்லை, தள்ளவும் இல்லை. "மணி ஆச்சு" என்றான். தாளை மேஜையில் வைத்தேன், விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க டம்ளரை வைத்தேன்.

சிராஜ் வண்டி எடுக்கக் கீழே போனான், ஜெனோவா கிண்ணங்களைக் கழுவுகிறேன் என்று குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். மாறன் வாசலில் செருப்பு மாட்டினான், வார் நடுங்கும் கைக்கு அகப்படாமல் இரண்டு தடவை நழுவியது. குனிந்து மாட்டிவிட எனக்குக் கை பரபரத்தது, நின்றேன். "சாப்பாடு ஒழுங்கா சாப்பிடு" என்றேன். இதைவிட மட்டமாக ஒரு அக்காவால் பேச முடியாது. லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு அவன் திரும்பினான்.

"அது திரும்ப வரும்கா. டாக்டர் சொல்லிட்டாரு. மாத்திரை போட்டாலும் ஒரு தடவையாவது வரும்னு."

வராதுடா என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையும் மூக்குக்கு ஏறிவிட்டது. இறக்கினேன். "ஆமா," என்றேன், "என்கிட்டயும் சொன்னாரு."

"வந்தா நான் வரமாட்டேன்னு கத்துவேன். அடிப்பேன். அது நான் இல்லன்னுலாம் நெனைக்காத, நான்தான். நீ புடி. எவ்ளோ வேணும்னாலும் புடி. ஆனா ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டுப் புடி."

"சொல்றேன்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்டா."

லிஃப்ட் வந்தது. கதவு மூடும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், என் இரண்டு கையும் இடுப்புக்குக் கீழேதான் இருந்தன, அவனும் பார்த்திருப்பான். நான் பொய் சொல்லவில்லை. அந்த நாள் வந்து, ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டால் குதித்துவிடுவான் என்கிற இடத்தில் அவன் நின்றால், என் வாயில் எது வரும் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.